மின்விசிறி யாரால் விற்றது?

"என்னாலதான்" என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. உங்கள் தெருவில் தேடுங்கள், அலுவலகத்தில் தேடுங்கள், கூடப் பிறந்தவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தேடுங்கள். எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அடையாளம் சொல்கிறேன். மழை விட்டால், அவர் குடை எடுத்து வந்ததால் விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தால், மணிக்கணக்கில் நின்று அறுத்துத் தைத்த டாக்டர் வெறும் கருவி. "அவர்கிட்ட காட்டுங்க" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாரே, அவர்தான் காரணம். பிழைக்கவில்லையா? "நான் சொன்ன டாக்டர்கிட்டயா காட்டினாங்க?" லிஃப்டுக்காக நாமெல்லாம் ஏற்கெனவே பொத்தானை அமுக்கிவிட்டு, அது சிவப்பாக எரிவதைப் பார்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்போம், அவர் வேகமாக வந்து, எரிகிற பொத்தானையே இன்னொரு தரம் அழுத்துவார், கதவு திறக்கும், நம்மைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை புரிவார் பாருங்கள், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போவதைத் தவிர வேறு வழியில்லை.

இவர்கள் பொய்யர்கள் இல்லை. அதுதான் சங்கடம். பொய்யனைப் பிடித்துவிடலாம். இவர்கள் கதையில் குடை உண்மை, மழை விட்டது உண்மை, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததும் உண்மை. நடுவே போடுகிற "அதனால" மட்டும்தான் சொந்தச் சரக்கு.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த இனத்தின் பட்டத்து யானை. மகள் பரீட்சையில் தேறியதும் கூடத்தில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "விடியக்காலையில எழுப்பிவிட்டேன் இல்ல, அதனாலதான்."

அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "அவளை எழுப்பினது நான். உங்களை எழுப்பினது அவ."

"ஆனா நான் எழுந்து உட்கார்ந்திருந்தேனா இல்லையா? அதைப் பார்த்துத்தானே அவளுக்குப் படிக்கணும்னு தோணுச்சு?"

கரண்டி ஒன்று பாத்திரத்தில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா பேசிவந்த மொழி அது.

வீட்டோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அத்தானும் நானும் வேலை பார்ப்பது ஒரே தொழிற்சாலை. மின்விசிறி செய்கிறோம்: கூரையில் தொங்குவது, மேஜையில் நிற்பது, சுவரில் ஒட்டிக்கொண்டு இடமும் வலமுமாக முகம் திருப்புவது. நான் சரக்கு அனுப்பும் பிரிவு. அட்டைப்பெட்டி, கயிறு, லாரி. எவரும் புகழாத, எவரும் திட்ட மறக்காத வேலை. அத்தான் விளம்பரப் பிரிவின் தலைவர். ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் அவர் பொறுப்பில் ஓடுகின்றன. அவற்றில் ஒலிக்கும் குரலும் அவருடையது, வாசகமும் அவருடையது: "வியர்வை உங்களுடையது! காற்று எங்களுடையது!" இதை எழுதிய அன்று அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக் கண்கலங்கியதாக அக்கா சொல்வாள்.

எங்கள் தொழிற்சாலையில் இந்த இனம் இவர் ஒருவரோடு நிற்கவில்லை. ஒரு கரையில் ஒன்றிருந்தால் எதிர்க்கரையில் இன்னொன்று இருக்கும் இல்லையா? விற்பனைப் பிரிவின் தலைவரை நாங்கள் கைகுலுக்கி என்போம். உங்கள் கையைப் பிடித்தார் என்றால், ஒரு மின்விசிறி வாங்குவதாக ஒப்புக்கொள்ளும்வரை அது உங்கள் கையில்லை. வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனையாளர்கள் அவர் ஆட்கள். அத்தான் "என் குரலைக் கேட்டுத்தான் வாங்கறாங்க" என்பார். கைகுலுக்கி "என் கையைப் பிடிச்சுத்தான் வாங்கறாங்க" என்பார். சிற்றுண்டிச்சாலையில் இருவரும் முதுகோடு முதுகு திருப்பி உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள்.

இப்படியே இருவரும் ஓய்வுபெற்றிருப்பார்கள். முதலாளியம்மா கெடுத்துவிட்டார்.

அவர் பேச்சுக் குறைந்த மனுஷி. தூரத்து நகரம் ஒன்றில் புதிதாக ஒரு கிளை திறக்க நினைத்தார். இரண்டு பிரிவுகளில் ஒன்றை அங்கே பெரிதாக்கலாம், இன்னொன்றைச் சுருக்க வேண்டும், அவ்வளவுக்குத்தான் கையில் வசதி. எதைப் பெருக்குவது, எதைச் சுருக்குவது? அதைச் சொல்ல ஒரு புள்ளியியல் பெண்ணை வேலைக்கு அமர்த்தினார். தற்காலிக நியமனம், வேலை பிடித்தால் நிரந்தரம். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி, யார் கேள்வி கேட்டாலும் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள். பார்க்காமலே சொல்லிப் பழகிய எங்கள் தொழிற்சாலைக்கு அது புது வழக்கம். புள்ளி மேடம் என்று பெயர் வைத்தோம்.

புள்ளி மேடம் எல்லா ஊர்களின் விற்பனையையும் வாங்கினாள். ஒவ்வொரு ஊரிலும் வெயில் எவ்வளவு, விலை எவ்வளவு, ஒலிபெருக்கி வேன் எத்தனை நாள் நின்றது, விற்பனையாளர்கள் எத்தனை பேர் எத்தனை நாள் போனார்கள் என்று வாரவாரியாகக் கேட்டு வாங்கிக் கணினியில் போட்டாள். ரிக்ரெஷன் என்றாள். ஒன்றும் பயமில்லை; ஒரு காரியம் நடந்ததற்கு எது எவ்வளவு காரணம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற கணக்கு, அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள் வீட்டில் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் பாதி வக்கீல்கள் மின்விசிறி விற்கப் போயிருப்பார்கள்.

முடிவு ஒரு தாளில் வந்தது. வெயிலுக்கு நேரே ஓர் எண். விலைக்கு நேரே ஓர் எண். விற்பனையாளருக்கு நேரே ஓர் எண். விளம்பரத்துக்கு நேரே எண் இல்லை. ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் ஒரே சொல்: "நீக்கப்பட்டது."

அத்தான் அந்தத் தாளை முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராகப் பிடித்தார். பிறகு என் பிரிவுக்கு வந்து, ஒரு அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். உள்ளே இருந்த மேஜை விசிறி நெளிந்தது.

"மச்சான், என்னை நீக்கிட்டாங்கடா."

"உங்களை இல்ல அத்தான். கணக்குலேருந்து..."

"கணக்குலேருந்து நீக்கினா என்ன, கட்டடத்துலேருந்து நீக்கினா என்ன? அந்தக் கைகுலுக்கிக்கு எண் இருக்கு. வெயிலுக்கு எண் இருக்கு. வெயில் ஒரு நாளாவது ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கா?"

என்னையும் இழுத்துக்கொண்டு புள்ளி மேடத்தின் அறைக்குப் போனார். அறை என்றால், படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் அங்கே சண்டை போட வருகிறவர்களும் பணிந்தே நிற்க வேண்டியிருந்தது.

"ஏம்மா, எந்த அடிப்படையில என்னை நீக்கினீங்க?"

"நான் நீக்கலை சார். கணினிதான். உங்க வேனும் அவங்க ஆட்களும் ஒரே கோட்டுல போறாங்க."

"எந்தக் கோட்டுல?"

"ஒவ்வொரு வேன்லயும் நாலு விற்பனையாளர் ஏறிக்கிட்டுத்தானே போறாங்க? எந்த ஊரை எடுத்தாலும், எந்த வாரத்தை எடுத்தாலும், வேன் கணக்கை நாலால பெருக்கினா ஆள் கணக்கு வந்துடுது. ரெண்டும் பேர்தான் வேற, விஷயம் ஒண்ணு. ரெண்டையும் வச்சுக்கிட்டா பங்கு பிரிக்க முடியாது. அதனால ஒண்ணை விட்டுடும்."

"அதுக்கு என்னை ஏன் விடணும்?"

புள்ளி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு பீரோவை ரெண்டு பேர் மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்க சார். எப்பவும் அதே ரெண்டு பேர். தனியா ஒருத்தர் தூக்கி நான் பார்த்ததே இல்லை. யார் எவ்வளவு பாரம் தாங்கினாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"கீழ்ப்படியில நிக்கிறவன்தான் அதிகம் தாங்குவான்" என்றார் அத்தான். "அது நான்."

"நீக்கினதுன்னா வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்ல சார். பிரிச்சுப் பார்க்க முடியலைன்னு அர்த்தம். வரிசையில நீங்க கடைசியா இருந்தீங்க, அதனால நீங்க போனீங்க."

அத்தானின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவர் மற்ற எதையும் கேட்கவில்லை. "வரிசை" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை முன்னால போட்டா?"

அவள் போட்டுக் காட்டினாள். இப்போது விளம்பரத்துக்கு நேரே கொழுத்த எண். விற்பனையாளருக்கு நேரே கோடு, பக்கத்தில் "நீக்கப்பட்டது". "ஆனா சார், யாரை நீக்கினாலும் கடைசியில வர்ற கணிப்பு ஒண்ணுதான், ஒரு தசமம்கூட மாறாது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் அச்சுப்பொறியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அன்று மத்தியானம் அந்தத் தாளின் நகல்கள் அறிவிப்புப் பலகையிலும், சிற்றுண்டிச்சாலைச் சுவரிலும், ஆண்கள் கழிப்பறைக் கதவிலும் காற்றில் படபடத்தன.

கைகுலுக்கி கழிப்பறைக்குப் போனார். போன காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் முழுக்கப் படிக்கட்டுக்குக் கீழே திருவிழாக் கூட்டம். கைகுலுக்கி, பணி மூப்புப்படி வரிசை வேண்டும் என்றார்; அவர் சேர்ந்தது முன்னால். அத்தான், வயது மூப்புப்படி வேண்டும் என்றார். இவர் பிறந்தது முன்னால். கைகுலுக்கி, நியாயமாக அகர வரிசைப்படி போடுங்கள் என்றார். சொல்லிவிட்டு விரல் விட்டுப் பார்த்தார். விளம்பரம், விற்பனை, இரண்டும் வி. அடுத்த எழுத்து? ளகரம் முன்னால், றகரம் பின்னால். "தமிழே என் பக்கம்!" என்று அத்தான் கைதட்டினார். உற்சாகத்தில் நிமிர்ந்து, படிக்கட்டில் தலையை இடித்துக்கொண்டார்.

புள்ளி மேடம் பொறுமையாக ஒரு சமாதானம் சொன்னாள்: இரண்டையும் கூட்டி ஒரே பெயரில் போட்டுவிடலாம்.

"எந்தப் பெயர்ல?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், ஒரே கோட்டில்.

அவள் அழவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் பிரிவுக்கு வந்து, "காலியா ஒரு அட்டைப்பெட்டி கிடைக்குமா சார்?" என்று கேட்டாள். மேஜையில் இருந்த தன் சாமான்களை எடுத்துவைக்கத்தான். அவள்மேல் இரண்டு புகார்கள் மேலே போயிருந்தன. ஒன்று அத்தான் எழுதியது, ஒன்று கைகுலுக்கி எழுதியது. இரண்டிலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றை நீக்கியிருந்தால் நஷ்டமில்லை.

முதலாளியம்மா மூவரையும் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும் அத்தான் இழுத்துப் போனதால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அம்மா புகார்களைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாகப் புள்ளி மேடத்தைப் பார்த்தார்.

"யாரால விக்குதுன்னு உங்களால சொல்ல முடியுமா, முடியாதா?"

"இருக்கிற கணக்கை வச்சு முடியாது மேடம். எந்த வரிசையில போட்டாலும் முடியாது. ஒரே ஒரு வழி இருக்கு. கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரையும் பிரிச்சு அனுப்பணும். சில ஊருக்கு வேன் மட்டும். சில ஊருக்கு ஆட்கள் மட்டும், பஸ்ஸுல. சில ஊருக்கு ரெண்டும். சில ஊருக்கு யாருமே வேண்டாம். எந்த ஊருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கி எடுக்கணும், யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்புறம் பார்த்தா தெரிஞ்சுடும்."

நான் அத்தானைப் பார்த்தேன். குதிப்பார் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் நிரூபிக்க வாய்ப்பு வந்துவிட்டதே! அவரோ கூரையில் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் விசிறியை அண்ணாந்து பார்த்தார். கைகுலுக்கி தன் இடது கையைத் தன் வலது கையாலேயே பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மேடம் பிரிக்கணும்?" என்றார் அத்தான் மெல்ல. "இவ்வளவு வருஷமா ஒண்ணா இருக்கோம்."

"குடும்பம் மாதிரி" என்றார் கைகுலுக்கி.

"சார் இல்லாம நான் எப்படி..."

"சாருடைய குரல் கேட்காம எங்க பசங்களுக்கு நடையே வராது மேடம்."

வாசகரே, இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தன்னால்தான் நடந்தது என்று சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் வேண்டாம். ஆனால், தான் இல்லாமல் நடக்கிறதா என்று பார்க்கலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குடை இல்லாத ஒரு நாளில் மழை விடுவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

முதலாளியம்மா தாளில் கையெழுத்துப் போட்டார். "பிரிங்க."

சீட்டுக் குலுக்கினார்கள். வேன் மட்டும் போகிற ஊர்களில் ஒன்றுக்கு அத்தான் தானே கிளம்பினார். வேனில் போகிறவர்கள் எதையும் விற்கக் கூடாது, விலை சொல்லக் கூடாது, கடைக்கு வழிகூடக் காட்டக் கூடாது. ஒலிபெருக்கி மட்டும் பேச வேண்டும். இது புள்ளி மேடம் போட்ட விதி. அத்தானை விதிக்குள் வைத்திருக்க யாரால் முடியும் என்று முதலாளியம்மா கேட்டபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அக்காவைக் காட்டியிருக்க வேண்டும். அவள் தொழிற்சாலைச் சம்பளத்தில் இல்லை.

நல்ல வெயில். சந்தைத் தெருவில், ஒரு சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் வேனை நிறுத்தினோம். "வியர்வை உங்களுடையது!" என்று அத்தானின் குரல் தகரக் கூரைகளில் மோதித் திரும்பியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: கூட்டம் கூடியது. சைக்கிள் கடைக்காரர் கையில் எண்ணெயோடு வந்தார். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். வேன் மேடையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறிக்கு முன்னால் எல்லோரும் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தான் என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "பார்த்தியாடா?"

அந்தப் பெண் கேட்டாள்: "ஏங்க, குழந்தை விரலை விட்டா அடிபடுமா இதுல?"

அத்தான் வாயைத் திறந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"கம்பி நெருக்கமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்டா."

"விதி அத்தான்."

"என்ன விலைங்க?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"காற்று எங்களுடையது!" என்றது ஒலிபெருக்கி.

"அது சரி, என்ன விலை?"

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன்! பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் வாத்தியார் கூப்பிடாத பிள்ளையின் முகம் அது. கையை உயர்த்தினார், விரல்களை மடக்கினார், விலையைச் சைகையால் காட்டப் பார்த்தார். நான் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன். அத்தானும் மச்சானும் நடுத்தெருவில் மல்யுத்தம் பிடிப்பதைக் கூட்டம் கொஞ்ச நேரம் ரசித்தது. பிறகு கலைந்தது. அந்தப் பெண் போகும்போது சொன்னாள்: "நல்லாத்தான் காத்து வருது. ஆனா கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே, ஏதோ கோளாறு இருக்கும்."

திரும்பி வரும் வழியில் ஒலிபெருக்கியை அத்தானே அணைத்துவிட்டார். வயல்வெளி தாண்டியதும், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மச்சான், இத்தனை வருஷமும் நான் சும்மாத்தான் கத்திக்கிட்டு இருந்தேனா?"

எனக்கு ஒரு கேலி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன். ஒரு மனிதர் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும்போது பதில் சொல்லிக் கெடுக்கக் கூடாது.

"கூட்டம் வந்துச்சே அத்தான்" என்றேன்.

"வந்துச்சு. போயிடுச்சே."

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அக்கா போன் செய்தாள். "என்னடா பண்ணினீங்க அவரை? வீட்டுல மின்சாரம் போய்த் திரும்ப வந்துச்சு. என்னாலதான்னு ஒரு வார்த்தை சொல்லலைடா. பயமா இருக்கு."

கைகுலுக்கியின் கதை இதற்கும் மேல். அவரும் அவர் ஆட்களும் மட்டும் போன ஊரில் வெயிலுக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தார்கள். கதவு திறந்தால்தானே கை கிடைக்கும்? தெருத் தெருவாக மூடிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து, பொறுக்க முடியாமல், விலைப்பட்டியலைப் புனல்போல் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறார். என்ன கத்தினார் தெரியுமா? "வியர்வை உங்களுடையது!" கூடப் போன கணக்கர் வந்து சொல்லிவிட்டார். புள்ளி மேடம் அந்த ஊரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு அத்தான் கோபப்படவில்லை. "என் வரியையா சொன்னார்?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அன்று சாப்பிட்டாராம்.

முடிவு நாள். முதலாளியம்மாவின் அறையில் புள்ளி மேடம் எழுந்து நின்றாள். அந்த அறையில் தலை இடிக்காது. அவள் இவ்வளவு உயரமா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வேன் மட்டும் போன ஊர்ல விற்பனை கொஞ்சம்தான் கூடியிருக்கு மேடம். ஆட்கள் மட்டும் போன ஊர்லயும் கொஞ்சம்தான். ரெண்டும் சேர்ந்து போன ஊர்ல, அந்த ரெண்டு கொஞ்சத்தையும் கூட்டினாக்கூட வராத அளவுக்குக் கூடியிருக்கு. வேன் கதவைத் திறக்க வைக்குது. ஆட்கள் திறந்த கதவுல விக்கறாங்க. ஒண்ணைச் சுருக்கினா இன்னொண்ணும் படுத்துடும்."

"பெரிய எண் யாருக்கு?"

"வெயிலுக்கு மேடம். அது யார் போனாலும் போகாட்டியும் விக்குது."

"அப்போ இவங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் அதுக்கே கொடுத்துடலாமா?" என்றார் முதலாளியம்மா. அவர் நகைச்சுவை பேசி நாங்கள் கேட்டதில்லை. அதனால் சிரிக்கலாமா என்று தெரியாமல் நால்வரும் தரையைப் பார்த்தோம்.

கடைசியில் எந்தப் பிரிவும் சுருங்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி, புதிய கிளைக்கு வேனும் ஆளுமாகச் சேர்த்தே அனுப்பினார்கள். அத்தானுக்கும் கைகுலுக்கிக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. புள்ளி மேடத்துக்கு வேலை நிரந்தரமானது. படிக்கட்டுக்கு வெளியே ஓர் இடமும் கிடைத்தது. என்னிடம் வாங்கிப்போன அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தான் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். யானை இளைத்தால் எலி ஆகுமா? ஒரு வாரம் அடக்கமாக இருந்தார். எட்டாம் நாள் சிற்றுண்டிச்சாலையில், கைகுலுக்கியோடு ஒரே பக்கமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, எல்லோரும் கேட்க அறிவித்தார்:

"சார் இல்லாட்டி ஒண்ணும் நடந்திருக்காது. நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். ஆனா சாரை வேன்ல முதல்ல ஏத்தினது யாரு?"

கைகுலுக்கி தலையாட்டினார். "உண்மைதான். நான்தான் ஏறச் சம்மதிச்சேன்."

அதோடு விட்டாரா? புள்ளி மேடம் தேநீர்க் கோப்பையோடு எங்களைத் தாண்டிப் போனாள். அத்தான் அவளைக் காட்டி என் காதில் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு வேலை நிரந்தரமாச்சே, எதனால? அன்னைக்கு நான் போய்ச் சண்டை போட்டேன். நான் சண்டை போடலைன்னா சோதனை இல்லை. சோதனை இல்லைன்னா முடிவு இல்லை. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். கொடுமை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்: மேலதிகாரியோ, மைத்துனரோ, மாடிவீட்டுக்காரரோ. இதை அவருக்கு அனுப்பி வைப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். கொஞ்ச நாளில் அவர் வாய் சற்றுக் குறைந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றும். தொண்டை கட்டியிருக்கலாம், வீட்டில் சண்டையாக இருக்கலாம், வயதாகியிருக்கலாம். ஆனால் நீங்கள் அதையெல்லாம் யோசிக்கப் போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "அந்த ஆள் இப்போ எவ்வளவு அடங்கிட்டார் தெரியுமா?" என்று வீட்டில் இருப்பவரிடம் ஆரம்பிப்பீர்கள்.

"எப்படி?" என்று அவர் கேட்பார்.

கேட்டதும் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நான் எழுத வேண்டுமா?